பட்டினப்பாலையிலிருந்து திருப்பெரும்புதூர் வரை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘அயல்நாட்டு முதலீடும் மின்னணுத் தொழிலும் வேலைவாய்ப்பும்’ என்று அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே அச்சிட்டிருப்பதைக் கண்ட நண்பர் ஒருவர், “உங்களுக்குப் பாட்டும் தொகையும் போதாவா?” என்று கேட்டார். போதும். ஆனால் அந்தப் பாட்டும் தொகையுமே என்னை இத்தலைப்பிற்கு அழைத்து வந்தன. என் முனைவர் பட்ட ஆய்வு பட்டினப்பாலையைப் பற்றியது. கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 301 அடிகளில், என்னை நெடுங்காலம் நிறுத்தி வைத்த இடம் துறைமுகச் சுங்கம். கடலிலிருந்து நிலத்திற்கு வரும் சரக்கு, நிலத்திலிருந்து கடலுக்குச் செல்லும் சரக்கு இரண்டையும் சுங்கம் கொள்வோர் ஓயாது காக்கிறார்கள்; ஒவ்வொரு பொதியின்மீதும் சோழரின் புலிப்பொறி இடப்பட்ட பின்னரே அது நகர முடியும். பண்டம் யாருடையதாயினும் இந்த மண்ணைத் தொட்டதற்கு ஓர் அடையாளம் அதன்மேல் விழுந்தாக வேண்டும் என்பதே அதன் பொருள்.

இதற்கு மறுகரையில் இன்னொரு சான்று கிடைத்திருக்கிறது. வியன்னா நகரிலுள்ள ஆசுத்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரசுத் துண்டு பாதுகாக்கப்படுகிறது. 1985ஆம் ஆண்டு அதன் வாசகம் பதிப்பிக்கப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, முசிறித் துறையோடு நடந்த வணிகத்திற்காகப் பணம் கொடுத்தவருக்கும் வாங்கிய வணிகருக்கும் இடையே எழுதப்பட்ட ஒரு கடன் ஒப்பந்தம். அதன் மறுபுறத்தில், ‘எர்மபொல்லோன்’ என்னும் கப்பலில் சென்ற நறுமணத் தைலப்புல்லும் யானைத்தந்தமும் மதிப்பிடப்பட்டுள்ளன. அவற்றின்மீது உரோமப் பேரரசு நான்கில் ஒரு பங்கு வரி கொண்டது. அயல்நாட்டு முதல் என்பது 1991ஆம் ஆண்டு நமக்கு அறிமுகமான ஒன்று என்று எண்ணுவோர் இத்துண்டை நினைவிற் கொள்வது நல்லது. பணம் எகிப்திலிருந்து வந்தது. மிளகு இங்கிருந்து சென்றது. இரு கரையிலும் வரி இருந்தது. மிளகு பறித்தவர் பெற்ற கூலி என்ன என்பதை இரண்டு ஆவணங்களும் கூறவில்லை. சங்கப் புலவரும் கூறவில்லை. கிரேக்க எழுத்தரும் கூறவில்லை.

இந்த முன்னுரையோடு திருப்பெரும்புதூருக்கு வருகிறேன். காஞ்சியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். இராமானுசர் அவதரித்த தலம் என்று நம் பாட்டிமார் அறிந்திருந்த அந்த ஊரை, கடந்த இருபது ஆண்டுகளில் நம் பெண்பிள்ளைகள் வேறொரு காரணத்திற்காக அறிந்துகொண்டார்கள்.

பின்லாந்து நாட்டின் நோக்கியா நிறுவனம் 1865ஆம் ஆண்டு மரக்கூழ் ஆலையாகத் தொடங்கியது. பின்னர் இரப்பர்க் காலணியும் மின்கம்பியும் செய்து, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலேயே அதிகமான செல்பேசிகளை விற்கும் நிறுவனமாக வளர்ந்தது. 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் அது தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. சிப்காட் தொழிற்பேட்டையில் 200 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் சிறப்புப் பொருளாதார மண்டலமாக ஒதுக்கப்பட்டது. 2006 சனவரியில் உற்பத்தி தொடங்கிவிட்டது. ஒன்பதே மாதத்தில் ஓர் ஆலை எழுந்து வேலை தொடங்கிய வேகத்தை அன்றைய நாளேடுகள் வியந்து எழுதின. உச்ச நிலையில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். உறை செய்வோர், மின்னேற்றி செய்வோர், உதிரி பூட்டுவோர் எனத் துணை நிறுவனங்கள் அதே வளாகத்திற்குள் வந்தன. அவற்றையும் கணக்கிட்டால் எண்ணிக்கை பன்மடங்காகும். இவர்களில் பெரும்பான்மையோர் பன்னிரண்டாம் வகுப்போ தொழிற்பயிற்சியோ முடித்த இளம்பெண்கள். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் மாவட்டங்களின் சிற்றூர்களுக்கெல்லாம் நிறுவனப் பேருந்துகள் சென்றன.

இந்தப் பெண்களை நான் புள்ளிவிவரமாக மட்டும் அறிந்தவள் அல்லள். தொலைநிலைக் கல்வியில் தமிழ் இளங்கலை பயில்வோருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்பு வகுப்பு எடுத்துவந்தேன். அவ்வகுப்பில் பட்டுநெசவாளர் வீட்டுப் பெண் ஒருவர் இருந்தார். அந்தத் தொழிற்பேட்டையில், இங்கே பெயர் வேண்டாத ஆலை ஒன்றில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தவர். புலிப்பொறி பற்றிய அடிகளை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது எழுந்து, “அம்மா, நாங்களும் பொறி ஒட்டினோம்” என்றார். ஒவ்வொரு செல்பேசிக்கும் பதினைந்து இலக்கம் கொண்ட அடையாள எண் ஒன்று உண்டு. அந்த எண் அச்சிட்ட ஒட்டியைப் பொருத்திச் சரிபார்ப்பதே அவருடைய பணி. எட்டு மணி நேரம், ஒரே அசைவு. வகுப்பில் இருந்தோர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, உவமை சரியா என்று கேட்கும் மாணவியின் முகம் அது. சரிதான் என்றேன். பின்னர் விசாரித்ததில், அந்நான்கு ஆண்டுச் சம்பளத்தில் தந்தையின் தறிக்கடன் அடைந்தது, தம்பி பொறியியல் சேர்ந்தான், தம் திருமணம் அவர் விரும்பியபடி மூன்றாண்டு தள்ளிப்போயிற்று என்று அறிந்தேன்.

அயல்நாட்டு முதலீட்டை முற்றிலும் இழிப்போரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். அந்த மூன்று ஆண்டுக்கு என்ன விலை வைப்பீர்கள்? ஊர்ப் பெரியவர்களின் கண்படாமல் தம் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருந்த ஒரு தலைமுறைப் பெண்கள் நம் மாவட்டங்களில் உருவானது உண்மை. அதை எந்தச் சீர்திருத்தச் சொற்பொழிவும் அவ்வளவு விரைவாகச் செய்யவில்லை. நான் ஆற்றியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் முதல் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொல்காப்பியர் அகப்பாட்டுக்குரிய பொருள்களை முதல், கரு, உரி என வகுத்து, முதற்பொருளாவது நிலமும் பொழுதும் என்றார். பாட்டுக்கு இலக்கணம் கூறியவரின் சொல்லை ஆலைக்கு ஏற்றுவது முறையா என்று புலவர் பெருமக்கள் கடிந்துகொள்ளலாம். எனினும் இந்த ஒப்பந்தங்களில் நம் பக்கம் இட்ட முதல் எது என்று கேட்டால், நிலமும் பொழுதும் என்பதே விடையாக வருகிறது. சிற்றூர்களில் கையகப்படுத்திய நிலம். பதினெட்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள பெண்களின் பொழுது, அதுவும் முறைப்பணியாக மூன்றாய்ப் பகுக்கப்பட்ட பொழுது. அவர்கள் பக்கம் இட்டது எந்திரமும் பணமும் மென்பொருளும். எந்திரத்தைப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விடலாம். மென்பொருளுக்குப் பெட்டியே தேவையில்லை. நிலத்தையும் கழிந்த பொழுதையும் யாரும் எங்கும் கொண்டுபோக முடியாது.

மென்பொருள் என்றேன். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. செல்பேசி என்பது உறையும் திரையும் மின்சுற்றும் மட்டும் அன்று. அதனுள் ஏற்றப்படும் ஆணைத்தொகுதி இல்லாவிடில் அது வெறும் நெகிழித் துண்டு. அந்த மென்பொருளைப் பின்லாந்தின் தாய் நிறுவனம் அளித்தது. இங்குள்ள கிளை நிறுவனம் அதற்குப் பணம் செலுத்தியது. 2013ஆம் ஆண்டு தொடக்கத்தில் வருமான வரித்துறை ஆலையில் சோதனை நடத்தி, அப்பணம் உரிமத்தொகை ஆகும், அதற்கு வரி பிடித்திருக்க வேண்டும் என்று கூறி, ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் கேட்டு ஆணையிட்டது. பொருளை விலைக்கு வாங்கினோம், உரிமம் பெறவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். அடுத்த ஆண்டு மாநில அரசின் வணிகவரித்துறையும், ஏற்றுமதி என்று காட்டியவை உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்று கூறி 2,400 கோடி ரூபாய் கேட்டது. நிறுவனம் அதையும் மறுத்தது.

எனக்குப் பட்டினப்பாலைதான் நினைவுக்கு வந்தது. மிளகுப் பொதிக்குப் புலிப்பொறி இடலாம். தந்தத்தை மதிப்பிட்டு நான்கில் ஒரு பங்கு கொள்ளலாம். கடல் வழியாகவும் வராமல், தரை வழியாகவும் வராமல், ஒரு கம்பியின் வழியே இறங்கிவந்து ஒரு நொடியில் பல்லாயிரம் கருவிகளுக்குள் புகுந்துகொள்ளும் பண்டத்தின்மீது பொறியை எங்கே இடுவது? அது விற்கப்பட்டதா, குடிக்கூலிக்கு விடப்பட்டதா? இந்தக் கேள்விக்கு அன்று இந்தியாவின் நீதிமன்றங்களே ஒரே விடை கூறவில்லை. வேறு நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளில், 2021 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம், அயல்நாட்டு விற்பனையாளரிடம் மென்பொருள் வாங்குவதற்குச் செலுத்தும் தொகை உரிமத்தொகை ஆகாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்குகளின் விவரங்கள் வேறு, நோக்கியாவின் விவரங்கள் வேறு. ஒன்றை மற்றொன்றின்மீது அப்படியே பொருத்திவிடலாகாது. ஆனால் ஆலைக்குள் இருந்த பெண்கள் ஏழாண்டுக்கு முன்னரே வீடு திரும்பியிருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2013 செப்டம்பரில் நோக்கியா தன் செல்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திற்கு விற்பதாக அறிவித்தது. வரி வழக்கினால் திருப்பெரும்புதூர் ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன. 2014 மார்ச்சில் 3,500 கோடி ரூபாய்க்கு உறுதி அளிக்குமாறு உச்ச நீதிமன்றம் கேட்டது. ஏப்ரலில் விற்பனை நிறைவேறியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. உலகம் முழுவதும் இருந்த மற்ற ஆலைகள் புதிய முதலாளியிடம் சென்றன; இதுவும் தென்கொரியாவில் ஒன்றும் தனித்து நின்றன. சில மாதங்கள் மைக்ரோசாஃப்டிற்காக ஒப்பந்த அடிப்படையில் செல்பேசி செய்தது. விருப்ப ஓய்வு என்னும் பெயரில் பெரும்பான்மைத் தொழிலாளர் அந்தக் கோடையிலேயே வெளியேறினார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு! விருப்பம் என்ற சொல்லும் ஓய்வு என்ற சொல்லும் ஒருங்கே இவ்வளவு பொய்த்த இடத்தைத் தமிழில் நான் வேறெங்கும் கண்டதில்லை. 2014 நவம்பர் முதல் நாள் ஆலை மூடப்பட்டது. அவ்வாண்டு இறுதிக்குள் அதே வளாகத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் உற்பத்தியை நிறுத்த, அங்கும் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர்.

வரித்துறையின் பேராசைதான் ஆலையைக் கொன்றது என்று அன்று பலர் எழுதினார்கள். வரி ஏய்த்த நிறுவனம் ஓடிப்போயிற்று என்று வேறு பலர் எழுதினார்கள். இரு சாராரும் தொலைவில் நடந்ததைப் பார்க்கத் தவறினார்கள் என்பது என் கருத்து. செருமனியின் போகும் நகரில் நோக்கியா வைத்திருந்த ஆலையில் 2,300 பேர் வேலை செய்தார்கள். 2008இல் அது மூடப்பட்டது. கூலி குறைவு என்பதால் உற்பத்தி உருமேனியாவின் குளுஜ் நகருக்குப் போயிற்று. மூன்றே ஆண்டில், 2011இல், குளுஜ் ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள். அங்கே வேலை இழந்தோர் ஏறத்தாழ 2,200 பேர். 2012இல் நிறுவனத்தின் தாய்நாடான பின்லாந்திலேயே, சாலோ என்னும் ஊரில் செல்பேசி செய்வது நின்றது. போகுமிலும் குளுஜிலும் சாலோவிலும் இந்திய வருமான வரித்துறை இல்லை. ஐபோன் 2007இலும் ஆண்ட்ராய்டு வகைச் செல்பேசி 2008இலும் சந்தைக்கு வந்த பின், பொத்தான் செல்பேசியின் காலம் சாய்ந்துகொண்டிருந்தது. நம் பெண்கள் செய்துகொண்டிருந்தவை பெரும்பாலும் பொத்தான் செல்பேசிகளே. 2014 சூலையில் மைக்ரோசாஃப்ட் அவ்வகைகளையே கைவிடுவதாக அறிவித்து, தன் பணியாளரில் 18,000 பேரைக் குறைத்தது. வரி வழக்கு ஆலையின் கதவைப் பூட்டி வைத்திருந்தது என்பது உண்மை. ஆனால் கதவு திறந்திருந்தாலும் உள்ளே வருவதற்கு வேலை வெகுவாக இருந்திருக்காது.

அப்படியானால் ஆலையின் உயிர் எங்கே இருந்தது? நம் நாட்டுப்புறக் கதைகளில் அரக்கனின் உயிர் ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளிக்குள் இருக்குமே, அதுபோல அது வேறெங்கோ வடிவமைப்பு மேசையிலும் மென்பொருள் வரிகளிலும் இருந்தது. 2010ஆம் ஆண்டு வந்த ஐபோன் ஒன்றின் விற்பனை விலை யார் யாருக்குப் பகிர்ந்து போகிறது என்று கிரேமர், லிண்டன், டெட்ரிக் என்னும் மூன்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 58 ரூபாய் 50 காசு ஆப்பிள் நிறுவனத்தின் ஆதாயம். சீனத்தில் அதைப் பூட்டிய தொழிலாளர் அனைவரின் கூலியும் சேர்ந்து 1 ரூபாய் 80 காசு. கூலி ஏறினால் முதலீடு ஓடிவிடும் என்று நம்மை அச்சுறுத்துவோர் இந்த 1 ரூபாய் 80 காசைக் கருதிப் பார்க்க வேண்டும். அது இரட்டிப்பானாலும் கடையில் வாங்குபவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் பூட்டும் ஒப்பந்த நிறுவனம் அந்தச் சிறு பங்கிற்குள்ளேதான் இன்னொரு ஒப்பந்த நிறுவனத்தோடு போட்டியிடுகிறது. அதனால் அங்கே ஒவ்வொரு காசுக்கும் போர் நடக்கிறது.

இதற்கு மாறான ஒரு கதையையும் சுருக்கமாகக் கூற வேண்டும். நடு அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா என்றொரு சிறு நாடு. 1948இல் படையையே கலைத்துவிட்டுக் கல்விக்குச் செலவிட்ட நாடு. 1998 முதல் இன்டெல் நிறுவனம் அங்கே நுண்சில்லு பொருத்தும் ஆலை நடத்தியது. 2014இல், நம் ஆலை மூடிய அதே ஆண்டில், அந்தப் பணியை ஆசியாவிற்கு மாற்றிவிட்டது. ஏறத்தாழ 1,500 பேர் வேலை இழந்தார்கள். ஆனால் பொறியாளர்களின் வடிவமைப்புக் கூடத்தை அங்கேயே வைத்துக்கொண்டது. சில ஆண்டுகளுக்குப் பின், 2020 இறுதியில், பொருத்தும் பணியையும் மீண்டும் அங்கே கொண்டுவருவதாக அறிவித்தது. போனவர் திரும்பி வருவதற்குக் காரணம் அங்கே எஞ்சியிருந்த படிப்பும் பழக்கமும் என்று கருதுகிறேன்.

நம் ஆலையும் திரும்பியது என்று கூறலாம். 2019 நவம்பரில் சால்காம்ப் என்னும் மின்னேற்றி செய்யும் நிறுவனம் மூடிக்கிடந்த வளாகத்தை வாங்குவதாக மத்திய அமைச்சர் அறிவித்தார். ஐந்து ஆண்டு மூடியிருந்த கூடங்களில் மறுபடியும் விளக்கு எரிந்தது. ஃபாக்ஸ்கான் ஐபோன் பூட்டும் நிறுவனமாக அதே வட்டாரத்தில் மிகப் பெரிதாக வளர்ந்தது. பெகாட்ரான் வந்தது, ஓசூர்ப் பக்கம் டாட்டா நிறுவனம் தொடங்கியது. 2024-25 நிதியாண்டில் தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 1,460 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. இந்திய மாநிலங்களில் முதலிடம். இது பெருமைப்படத்தக்க செய்திதான். பெருமைப்பட்ட கையோடு சில கேள்விகளையும் கேட்க வேண்டியிருக்கிறது.

முதற்கேள்வி தங்குமிடத்தைப் பற்றியது. முன்பு பேருந்து பெண்களை வீட்டிலிருந்து அழைத்துச் சென்றது. பின்னர்த் தொலைதூரத்துப் பெண்கள் விடுதிகளில் தங்கத் தொடங்கினார்கள். 2021 திசம்பரில் ஒரு விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனை சென்றார்கள். உடன் தங்கியோர் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் அமர்ந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது ஊதிய உயர்வு அன்று. தோழியர் உயிரோடு இருக்கிறார்களா என்ற செய்தி. ஆலை சில வாரம் மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் அதைத் தன் கண்காணிப்பில் வைத்தது. இதன் பின்விளைவாக ஒரு நன்மையும் நேர்ந்தது என்பேன். 2024 ஆகத்தில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க குடியிருப்பு, 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் சிப்காட் மூலம் திறக்கப்பட்டது. பதினெட்டாயிரம் பெண்கள் ஒரே வளாகத்தில்! காவிரிப்பூம்பட்டினத்தின் மருவூர்ப்பாக்கத்திலும் பட்டினப்பாக்கத்திலும் இப்படியொரு குடியிருப்பு இருந்ததில்லை.

இரண்டாவது, மணமான பெண்களைப் பற்றியது. மணமான பெண்களை ஐபோன் பூட்டும் பணிக்கு எடுப்பதில்லை என்று 2024 சூனில் ஒரு பன்னாட்டுச் செய்தி நிறுவனம் எழுதியது. ஆலை நிறுவனம் மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அறிக்கை கேட்டது. விசாரணையின்போது நிறுவனம் அளித்த கணக்கின்படி, அங்குள்ள ஏறத்தாழ 33,000 பெண்களில் மணமானோர் 8 விழுக்காடு மட்டுமே என்று செய்திகள் வெளிவந்தன. இருபத்தைந்து வயதிற்கு மேல் மணமாகாத பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்பது அவையோருக்குத் தெரியும். எனவே, விதி என்று எழுதி வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வேலைக்கு ஆயுள் நான்கைந்து ஆண்டுதான். பெண்ணின் இளமையைக் கருப்பொருளாகக் கொண்டு எத்தனையோ பாடல்கள் நம்மிடம் உண்டு. அதை மூலப்பொருளாகக் கொண்ட தொழில் இப்போது வந்திருக்கிறது.

மூன்றாவது, சங்கம். தமிழுக்குச் சங்கம் வைத்த நாம் தொழிலாளருக்குச் சங்கம் என்றால் தயங்குகிறோம். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள், சாம்சங் நிறுவனத்தின் திருப்பெரும்புதூர் ஆலைத் தொழிலாளர் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தம் சங்கத்தைப் பதிவு செய்து ஏற்க வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கை. 2025 சனவரியில் பதிவு கிடைத்தது. நூறாண்டுக்கும் முன்பே, 1918இல், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய மாநிலத்தில், அதில் திரு.வி.க. போன்ற தமிழறிஞர் உழைத்த மாநிலத்தில், இது 2024இல் ஒரு மாதத்திற்கும் மேல் போராடிப் பெற வேண்டிய ஒன்றாக இருந்தது.

இனி, எந்திரமே பூட்டிவிடும், கணினியே எழுதிவிடும் என்னும் அச்சம் பற்றி ஓரிரு சொல். பொருளியலறிஞர் தானி ரோத்ரிக் 2015இல் ஒரு கருத்தை முன்வைத்தார். முன்னேறிய நாடுகள் செல்வம் சேர்த்த பின்னரே ஆலை வேலையின் உச்சத்தைக் கண்டன; இன்று வளரும் நாடுகளோ வறுமை நீங்குமுன்னரே அந்த உச்சத்தை எட்டி இறங்கத் தொடங்குகின்றன என்பது அது. பிஞ்சிலே பழுத்துவிடுதல் என்று நாம் சொல்வோமே, அது. மென்பொருள் துறையும் இதற்கு விலக்கன்று. 2025 சூலையில் டி.சி.எசு. நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, நம் மாணவர் பலரின் பெற்றோர் என்னிடம் வந்து, தமிழ் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள். இப்படியொரு கேள்வி என் வாழ்நாளில் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை! விளையாட்டாகவே கொள்க. ஆனால், பதினெட்டு வயதில் ஆலைக்குச் சென்று இருபத்துமூன்று வயதில் திரும்பும் பெண்ணிடம், அந்த ஐந்தாண்டில் மின்னணுவியலைத் தன் தாய்மொழியில் கற்பிக்க ஒரு வகுப்பு நடத்தியிருந்தால், எந்திரம் வந்தபோது அவள் எந்திரத்தைப் பழுதுபார்ப்பவளாக நின்றிருப்பாள். ஒப்பந்தங்களில் நிலத்தின் விலை உண்டு, மின்சாரத்தின் விலை உண்டு, வரிச்சலுகையின் அளவு உண்டு. எத்தனை மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்ற வரியை எழுத வைப்பது அரசு கேட்டால் முடியாத காரியம் அன்று. நிலமும் பொழுதும் இட்டவர் கேட்கத்தக்க உரிமைதான் அது.

இலக்கிய வட்டத்தில் நின்று பேசுவதால் நம்மைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். இந்தப் பத்தாண்டில் நாம் நெசவாளர் வாழ்வைப் பற்றி அரங்குகள் நடத்தினோம். உழவர் பாடல்களைத் தொகுத்தோம். நம் கண்முன் பேருந்தேறிப் போன பெண்களைப் பற்றி இம்மன்றத்தில் ஒரு கதை படிக்கப்பட்டதாக நினைவில்லை. எழுதவே இல்லையா என்றால், எழுதுகிறார்கள். பொறி ஒட்டிய என் மாணவியின் ஏட்டில் பதினோரு கவிதைகள் இருந்தன. யாப்பு தடுமாறும், ஆனால் முறைப்பணி முடிந்து விடியலில் திரும்பும் பேருந்தில் உறங்கும் நாற்பது தலைகளை அவர் எழுதியதைப் போல நான் வேறெங்கும் படித்ததில்லை. மன்றத்திற்கு வந்து படியுங்கள் என்றேன். “உங்கள் கூட்டம் மாலை ஆறு மணிக்கு, அம்மா. இன்னும் ஆலையில் இருக்கிற என் தோழியருக்கு அப்போது பாதி முறைப்பணிதான் ஆகியிருக்கும். அவர்கள் இல்லாமல் நான் யாருக்குப் படிப்பது?” என்றார்.

ஆகவே செயலாளர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு, இயன்றால் வல்லம் வடகாலை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில், வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஏட்டுக்குரியவரோடு நான் வருகிறேன்; இடம் கேட்டு எழுத வேண்டிய மடலையும் நானே எழுதித் தருகிறேன்.